பல்லி ஏறிய நெட்டைமரம்

கண்ணாடியை யாரோ உள்ளேயிருந்து தட்டினார்கள்.

பல்லிக்கு அது புதிதல்ல. உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பதுதான் அவள் பிழைப்பு. உள்ளே இருப்பவர்கள் சில சமயம் கையசைப்பார்கள், சில சமயம் திரையை இழுத்து மூடிக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு புண்ணியவான், அவள் துடைக்காமல் விட்ட கறையைச் சுட்டிக்காட்டி முறைத்துக்கொண்டே நின்றார். அதனால் இப்போதும் அவள் கறையைத்தான் தேடினாள். கறை ஒன்றும் இல்லை. உள்ளே நீளமான மேசையைச் சுற்றி ஏதோ கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் மட்டும் எழுந்து வந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் கால்சட்டையின் முழங்காலில் காய்ந்த மண். கையிலிருந்த காகிதத்தில் கொட்டை எழுத்தில் எதையோ எழுதி, பல்லியின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"மரம் ஏறுவீங்களா?"

பல்லி துடைப்பானை வாளியில் போட்டாள். நுரையின் மேல் விரலால் எழுதிப் பதில் சொல்லலாம்தான், ஆனால் உள்ளேயிருந்து பார்த்தால் எழுத்து திரும்பித் தெரியுமே. ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாள். கேள்விக்குறியை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் புரியும். உள்ளே இருந்தவள் காகிதத்தைத் திருப்பி மறுபடி எழுதினாள்.

"பதினைஞ்சு மாடி உயரம். பாதிக்கு மேல போற வரைக்கும் ஒரு கிளைகூட கிடையாது."

பல்லி அதை இரண்டு முறை படித்தாள். கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

அன்று மதியமே கட்டடத்து வாசற்படியில் இருவரும் சந்தித்தார்கள். காகிதம் காட்டியவள் மலையடிவாரத்தில் காட்டு மரங்களுக்கான நாற்றங்கால் ஒன்றை நடத்துபவள். விதை சேகரிப்பது பற்றிய கூட்டத்துக்குத்தான் வந்திருந்தாள். அங்கே எல்லோரும் மரமேற ஆளில்லையே என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே ஒரு ஜோடிக் கால்கள் மேலேயிருந்து இறங்கி வந்திருக்கின்றன.

"எங்க மரமேறி பந்து விளையாடப் போய்க் காலை ஒடிச்சுக்கிட்டாருங்க," என்றாள் நாற்றங்கால்காரி. மூச்சு விடாமல் பேசுகிறவள். "மரம் காத்திருக்குமா? வருஷாவருஷம் பூக்கிற மரமில்லை இது. பல வருஷம் சும்மா நிக்கும், திடீர்னு ஒரு வருஷம் பூத்துக் குலுங்கும். இப்ப காய்ச்சிருக்கு. கீழ விழுந்துச்சுன்னா பாதியை வண்டு துளைச்சிடும், மீதியைப் பன்னி தின்னுடும். போன தடவை பொறுக்கினதுல ஒண்ணுகூட முளைக்கலை."

"நல்ல விதையாப் பாத்து எடுத்து வெச்சுக்கிட்டு, மெதுவாப் போட முடியாதா?"

"அதான் முடியாது. இந்த விதைக்குப் பொறுமையே கிடையாது. கொஞ்சம் காஞ்சாலும் செத்துடும். பறிச்ச கையோட மண்ணுல போட்டாத்தான் உண்டு."

மரத்துக்குப் புத்தகத்தில் வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. நாற்றங்காலில் எல்லோரும் அதை நெட்டையன் என்றுதான் சொன்னார்கள். வருடம் முழுக்கப் பச்சை மாறாமல், காட்டுக்கு மேல் இன்னொரு காடுபோலத் தலையை நீட்டி நிற்கும் மரம். தண்டு நூல் பிடித்தாற்போல நேராக இருக்கும். வீட்டுக்கு உத்தரம், படகுக்குப் பலகை, பாலத்துக்குக் கட்டை எல்லாவற்றுக்கும் உகந்தது. அந்தப் பெருமையே அதற்கு எமனாகிவிட்டது. நேரானவற்றை எல்லாம் வெட்டித் தள்ளிய பிறகு, அந்தப் பக்கத்துக் காட்டில் இருந்த பெரிய நெட்டையன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பல்லி என்ற பெயரை அவளுக்கு வைத்தது அவளுடைய அப்பா. நடக்கப் பழகுவதற்கு முன்பே அவள் கதவு நிலையில் கையையும் காலையும் அகட்டி ஊன்றி மேலே போய்விடுவாளாம். அம்மா சோற்றுத் தட்டோடு கீழே நின்று கெஞ்சுவாளாம். பள்ளிக்கூடத்தில் கூரைமேல் பந்து விழுந்தாலும், கொடிக்கம்பத்தில் கயிறு சிக்கினாலும் தலைமை ஆசிரியரே ஆள்விட்டு அவளைக் கூப்பிடுவார். படிப்புதான் தலையில் ஏறவில்லை, மற்ற எல்லாவற்றிலும் அவள் ஏறினாள். பெரியவளானதும் கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கும் கூட்டத்தில் வர்ணம் கலக்கச் சேர்ந்தாள். ஒருநாள் மேலே ஒருவனுடைய வாளி சிக்கிக்கொள்ள, மற்றவர்கள் ஏணி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் குழாயைப் பிடித்து ஏறி அதை அவிழ்த்துவிட்டு வந்தாள். மேஸ்திரி முதலில் திட்டித் தீர்த்தார். மறுநாள் அவள் கையில் கயிற்றையும் இடுப்புப் பட்டையையும் கொடுத்தார்.

அவளைக் கட்டிக்கொண்டவர் ஒரு தையல்காரர். நாற்காலியில் ஏறிப் பல்பு மாற்றச் சொன்னால் முகம் வெளிறிப்போகும் மனிதர். அவருக்காகவே தரைத்தளத்தில் வீடு பார்த்தார்கள். முன்னறை தையற்கடை, பின்னறை வீடு. அவருடைய அக்கா, அதாவது பல்லியின் நாத்தனார், கடையில் காஜா எடுத்து, பொத்தான் தைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் வாய்க்கு வாய் பதில் சொல்லிக்கொண்டு கூடவே இருந்தார்.

மரமேறப் போகிறேன் என்று பல்லி சொன்னதும் தையல்காரர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"மரத்துல எறும்பு இருக்கும். பாம்புகூட இருக்கும்."

"கட்டடத்துல மனுஷங்க இருக்காங்க. அதுக்கு இது தேவலைங்க."

நாத்தனார் பல்லால் நூலைக் கடித்தபடியே தலையிட்டார். "எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவன் ஜன்னலையே துடைச்சுக்கிட்டு இருப்பா? போய்ட்டு வரட்டும் விடுடா. ஆனா ஏய் பல்லி, போன எடத்துல நீயும் காய்ச்சுத் தொங்கிக்கிட்டு இருக்காதே. நேரத்தோட வீடு வந்து சேரு."

"சரிங்க அண்ணி," என்றாள் பல்லி. அன்றைக்கு அவளால் ஒரு வேளைச் சோற்றை ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. கை பிசையும், மனம் மேலே போய்விடும்.

வண்டி விட்ட இடத்திலிருந்து நடந்துதான் போக வேண்டும். அட்டைகள் காலில் ஏறின. சருகு மிதிபட்டது. முன்னால் போன நாற்றங்கால்காரி சட்டென்று நின்று, "இதோ, ஐயா இருக்காரு," என்றாள். பல்லி முதலில் அதைச் சுவர் என்று நினைத்தாள். ஆளுயரத்துக்கு மேல் பலகை பலகையாக வேர்கள் நாலாபுறமும் இறங்கியிருந்தன. இரண்டு வேர்களுக்கு நடுவில் ஒரு அறைக்குள்ள இடம். கூட வந்த நாற்றங்கால் ஆட்கள் அங்கேதான் சாப்பாட்டுப் பைகளை வைத்தார்கள். அவள் தலையை அண்ணாந்தாள், இன்னும் அண்ணாந்தாள், கடைசியில் தலைக்கவசம் பின்னால் கழன்று விழுந்தது. தண்டு போய்க்கொண்டே இருந்தது. எங்கோ எட்டாத இடத்தில்தான் முதல் கிளை.

கட்டடம் என்றால் லிஃப்டில் மொட்டைமாடிக்குப் போய், கயிற்றைக் கட்டி இறங்கிவிடலாம். இங்கே கயிறு எப்படி மேலே போகும்? நாற்றங்கால்காரி ஆளுயரக் கவண் ஒன்றைத் தரையில் ஊன்றினாள். சின்ன மணல் பையில் மெல்லிய நூலைக் கட்டி, ரப்பரைத் தன் இடுப்பு வரை இழுத்து, ஒரு கண்ணை மூடி, நாக்கைத் துருத்திக்கொண்டு விட்டாள். பை எங்கோ புதருக்குள் போய் விழுந்தது. மறுபடி விட்டாள். அடுத்தது பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டது. எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்லி அவள் பொறுமையைச் சோதித்த பிறகு, ஒரு தடவை பை முதல் கிளையைத் தாண்டிப் போய் மறுபக்கம் தொப்பென்று விழுந்தது. கூட்டமே ஓவென்று கத்தியது. நூலில் கயிற்றைக் கட்டி இழுத்து, கயிற்றில் மூன்று பேர் தொங்கிப் பார்த்தார்கள். கிளை அசைந்து கொடுக்கவில்லை.

கயிற்றில் ஏற இரண்டு பிடிகள் இருந்தன. மேலே தள்ளினால் போகும், கீழே இழுத்தால் கவ்விக்கொள்ளும். உட்கார்ந்து, காலை மடக்கி, எழுந்து, பிடியைத் தள்ளி, மறுபடி உட்கார்ந்து என்று கம்பளிப்பூச்சி மாதிரி போக வேண்டும். பல்லி கிடுகிடுவென்று போனாள். கீழே இருந்தவர்களின் தலைகள் பொத்தான்களாகச் சுருங்கின. இதுதானா, இதற்கா இவ்வளவு கூட்டம் போட்டார்கள் என்று நினைத்தாள்.

அப்போதுதான் மரம் நகர்ந்தது.

பெரிய காற்றெல்லாம் இல்லை. லேசாக வீசியது, அவ்வளவுதான். அவ்வளவு பெரிய தண்டு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்துவிட்டு, திரும்பி வந்தது. பல்லிக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. பிறந்ததிலிருந்து உயரத்துக்குப் பயந்ததே இல்லை அவள். ஆனால் அவள் ஏறியதெல்லாம் அசையாமல் நின்றவை. கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். கண்ணை மூடியதும் இன்னும் அதிகமாக ஆடியது. பேசாமல் இறங்கிவிட்டாள்.

வேர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தவளிடம் நாற்றங்கால்காரி தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள்.

"என்னாச்சுங்க?"

"மரம் ஆடுது."

"ஆமா. ஆடும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா வந்திருப்பீங்களா?" நாற்றங்கால்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். "உண்மையைச் சொல்றேன். நான் பாதிக்கு மேல போனதே இல்லை. ரெண்டு தடவை ஏறினேன், ரெண்டு தடவையும் வாந்தி. கீழ நின்ன ஆளுங்க தொப்பி போட்டிருந்ததால தப்பிச்சாங்க."

பல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாப்பாட்டை முடித்துக்கொண்டு தண்டில் முதுகைச் சாய்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நெரிசலான பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்று வருவது நினைவுக்கு வந்தது. விறைத்து நின்றால் விழுந்துவிடுவோம், முழங்காலைத் தளர்த்திவிட்டு வண்டி போகும் போக்கில் போனால் நிற்கலாம். எழுந்து இடுப்புப் பட்டையை இறுக்கினாள்.

"இன்னொரு தடவை போறேன்."

இந்த முறை மரம் சாய்ந்தபோது அவளும் சாய்ந்தாள். அது திரும்பி வந்தபோது அவளும் திரும்பி வந்தாள். பயம் போய்விடவில்லை. பயத்தோடு கூடவே ஒரு குதூகலமும் சேர்ந்துகொண்டது. முதல் கிளையில் காலைப் போட்டு உட்கார்ந்தபோது, அந்தக் கிளையே தெருவோரத்து மரங்களின் தண்டைவிடப் பருத்திருந்தது. அங்கிருந்து கிளைக்குக் கிளை கயிற்றை மாற்றிக் கட்டிக்கொண்டு உச்சியை நெருங்கினாள். இலைகளுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

கீழேயிருந்த காடு முழுவதும் ஒரே பச்சைத் தரையாகக் கிடந்தது. ஏதோ ஒரு பெரிய அலகுப் பறவை அவளுக்குக் கீழே பறந்து போனது. பறவையின் முதுகை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. எதிரே, பின்னால், கைக்கெட்டும் இடத்தில் எங்கு பார்த்தாலும் கொத்துக் கொத்தாகக் காய்கள். ஒவ்வொன்றுக்கும் முயல் காதுபோல இரண்டு நீளமான சிவப்பு இறக்கைகள்.

இடுப்பில் மாட்டியிருந்த பேசும் கருவி கரகரத்தது. "காய் இருக்கா இல்லையா, சொல்லுங்க."

பல்லி ஒரு இறக்கையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதா? இருக்கா?"

"இருக்கு. இலையைவிடக் காய்தான் அதிகமா இருக்கு."

கீழே நாற்றங்கால்காரி குதிப்பது கருவி இல்லாமலே கேட்டது.

ஒரு கொத்தை அறுத்து இறக்கினாள். நாற்றங்கால்காரி அதைக் கத்தியால் பிளந்து பார்த்து, இன்னும் சில நாள் போக வேண்டும், இறக்கை சிவப்பு மாறிக் காவி நிறத்துக்கு வர வேண்டும் என்றாள். அந்தச் சில நாளும் பல்லி உடம்பை நகரத்திலும் உயிரைக் காட்டிலும் வைத்துக்கொண்டு கண்ணாடி துடைத்தாள்.

வீட்டில் தையல்காரர் சாவகாசமாகக் கேட்டார். "உலுக்கினா காயெல்லாம் கீழ விழும். கீழ என்ன விரிப்பாங்க?"

"தார்ப்பாய்."

"மழை பெஞ்சா தண்ணி தேங்குமே. விதை ஊறிடாது? கொசுவலைத் துணியைச் சேத்துத் தைச்சு, இடுப்பு உயரத்துக்குக் கட்டினா தண்ணி வடிஞ்சிடும். பன்னியும் கிட்ட வராது."

சொன்னதோடு நிற்கவில்லை. நாற்றங்காலிலிருந்து துணி சுருள் சுருளாக வந்து இறங்கியது. கடை முழுக்க வெள்ளை வலை. இயந்திரம் இருந்த இடமே தெரியவில்லை. தைக்கக் கொடுத்த சட்டை எங்கே என்று கேட்டு வந்தவர்களை நாத்தனார் வாசலிலேயே மறித்தார். "காட்டுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். அது முடிஞ்சதும் வாங்க."

காய் பழுத்துவிட்டது என்று செய்தி வந்த அன்று கடையைப் பூட்டிக்கொண்டு மூவருமே கிளம்பினார்கள். மரத்தைச் சுற்றி வலைகளைக் கட்டி முடித்ததும் பல்லி ஏறினாள். நீளக் கம்பில் கொக்கி மாட்டி ஒரு கிளையை இழுத்து உலுக்கினாள். காய்கள் கழன்று, விசிறிபோலச் சுற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கின. அடுத்த கிளை, அதற்கடுத்த கிளை. பாதி மரம் முடிவதற்குள் வானத்தின் ஒரு ஓரம் கறுத்தது.

"காத்து வருது. இறங்கிடுங்க," என்றது கருவி.

இறங்க நேரமில்லை. காடு தூரத்திலிருந்தே அலை அலையாகப் படுத்து எழுந்துகொண்டு வந்தது. பல்லி இரண்டாவது கயிற்றால் தன்னைத் தண்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, முழங்காலைத் தளர்த்தி, கன்னத்தை மரப்பட்டையில் வைத்துக்கொண்டாள். காற்று வந்து மோதியது. நெட்டையன் சாய்ந்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரத்தில் மிச்சமிருந்த அத்தனை காயும் ஒரே மூச்சில் கழன்றன. அவளைச் சுற்றிலும் சுழற்சி. கீழே போகாமல் காற்று தூக்கியதில் அவள் தலைக்கு மேலேயும் போயின. தலைமுடியில், கழுத்தில், கைமடிப்பில் எல்லாம் வந்து ஒட்டின. இறக்கைகள் உரசும் சத்தம் மழைச் சத்தம்போலக் கேட்டது. பல்லி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்தது அவளுக்கே கேட்கவில்லை.

கீழே ஒரே களேபரம். வலைக்கு வெளியே போனவற்றைப் பிடிக்க ஆட்கள் குடையை விரித்துக் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். நாத்தனார் முந்தானையை ஏந்திக்கொண்டு ஓடினார். தையல்காரர் மேலே என்ன நடக்கிறதென்று அண்ணாந்து பார்த்தார், தலை சுற்றியது, அப்படியே தான் தைத்த வலையிலேயே மல்லாக்க விழுந்தார். தையல் விட்டுக்கொடுக்கவில்லை. எழுந்திருக்க முடியாமல் அங்கே கிடந்தபடியே, "இடது பக்கம் போகுது, இடது பக்கம் ஓடுங்க," என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். அவர்மேல் விதைகள் கொட்டிக்கொண்டே இருந்தன.

காற்று போய் மழை வந்தது. பல்லி கயிற்றில் சறுக்கி இறங்கித் தரையைத் தொட்டாள். தையல்காரர் ஓடி வந்து தாங்கிக்கொண்டார்.

"பயந்துட்டியா?"

"இல்லைங்க. மறுபடி போகணும்போல இருக்கு."

விதைக்குத்தான் பொறுமை இல்லையே. நாற்றங்காலில் மண் நிரப்பிய பைகள் வரிசை வரிசையாகக் காத்திருந்தன. இறக்கையை ஒடித்துவிட்டு விதையை மண்ணில் பாதி புதைய வைக்க வேண்டும். நாத்தனார் அங்கே போன கொஞ்ச நேரத்தில் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஆழமாகப் புதைத்தவர்களுக்குத் திட்டு, ஒழுங்காக வைத்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வேலை. பைகள் தீர்ந்து, சாக்குகளும் தீர்ந்து, பழைய பெயின்ட் டப்பாக்கள்வரை விதை போட்டார்கள்.

வீடு திரும்பிச் சில நாள் கழித்துத் தையல்காரர் மழையில் நனைந்த ஈரத்தோடு துவைக்காமல் போட்டிருந்த சட்டையை எடுத்து உதறினார். பையிலிருந்து ஒரு விதை விழுந்தது. அதன் நுனியில் வெள்ளையாகக் கொழுகொழுவென்று ஒரு வேர் எட்டிப்பார்த்தது. மனிதர் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, பல்லி வேலை பார்க்கும் கட்டடம்வரை நடந்தே போய்விட்டார். மேலே தொங்கியவளைக் கூப்பிட்டு இறக்கிக் காட்டிய பிறகுதான், சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஆளைக் கடையிலேயே நிற்க வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.

அந்த வருடம் நாற்றங்காலில் நடக்க வழியில்லாத அளவுக்குக் கன்றுகள். மரம் வெட்டி மொட்டையாகிக் கிடந்த சரிவுகளுக்கு லாரி லாரியாகப் போயின. ஒடிந்த கால் குணமாகி மரமேறி திரும்பி வந்தார். இப்போது அவரும் பல்லியும் ஜோடியாக ஏறுகிறார்கள், யார் முதலில் உச்சியைத் தொடுவது என்பதில் இருவருக்கும் ஓயாத தகராறு. மேஸ்திரி முணுமுணுத்தபடியே விடுப்பு கொடுத்துவிடுகிறார். ஒரு மரம் காய்த்திருக்கிறது என்றால் பல்லியைச் சுவரில் தொங்கவிட்டாலும் அவள் கை ஓடாது என்று அவருக்குத் தெரியும். தேனீ துரத்தி ஒருமுறை முகம் பூசணிக்காயாக வீங்கியது. சிவப்பெறும்பு கடிக்காத இடமில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முதல் கிளையில் கால் போடும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் குறையவே இல்லை என்று அவள் சொல்லுவாள்.

போன முறை இன்னொரு நெட்டையனிடம் போனபோது, வலை கட்ட வந்திருந்த நாத்தனார் எல்லா வேலையும் முடிந்த பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏய் பல்லி. என்னையும் ஒரு தடவை தூக்குங்களேன்."

"அண்ணி, விளையாடுறீங்களா?"

"தூக்குன்னா தூக்கு. நான் என்ன இனிமே பொறந்தா வரப்போறேன்?"

நாத்தனார் சேலைக்கு மேல் பல்லியின் மாற்றுக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டார். அதன்மேல் இடுப்புப் பட்டையை மாட்டிவிட்டார்கள். மரமேறியும் நாற்றங்கால் ஆட்களும் கயிற்றைப் பிடித்து இழுக்க, பல்லி இன்னொரு கயிற்றில் பக்கத்திலேயே ஏறினாள். வேர்களைத் தாண்டும்வரை நாத்தனார் வாய் ஓயவில்லை. மெதுவாக, சீக்கிரம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று உத்தரவு போட்டுக்கொண்டே போனார். ஒரு வீட்டுக் கூரை உயரம் வந்ததும் ஆட்கள் நிறுத்தினார்கள்.

"யாரு நிறுத்தச் சொன்னது? இன்னும் மேல."

இன்னும் மேலே இழுத்தார்கள். காற்று வந்து மரம் லேசாகச் சாய்ந்தது. பல்லி சட்டென்று கையை நீட்டி அவரைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் பேசவில்லை. பல்லி பார்த்த இத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. கண்கள் விரிந்து, உதடு பிரிந்து, எதையோ புதிதாக ருசி பார்க்கிறவர்போல இருந்தார். பிறகு மெல்லக் குனிந்து கீழே பார்த்தார். தம்பி, அண்ணாந்து பார்க்கப் பயந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வலையோரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி," என்று மேலேயிருந்து குரல் வந்தது. "உச்சந்தலையில வழுக்கை விழுந்திருக்குடா. இத்தனை நாள் யாருமே சொல்லலையா?"

தையல்காரர் அவசரமாகத் தலையைக் கையால் மூடிக்கொண்டார்.